வாசலில் ஓர் ஒட்டகம்

சென்ற வாரம் ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூப்பது ஏன் என்று பார்த்தோம். இந்த வாரம் மோட்டார் சைக்கிள்! "இதென்ன, ஜாடியிலிருந்து ஒரேயடியாக மோட்டாருக்குத் தாவிவிட்டாளே!" என்று நீங்கள் மூக்கின் மேல் விரலை வைப்பது எனக்குத் தெரிகிறது. என்ன செய்வது, சகோதரிகளே? வருகிற கடிதங்கள் அப்படி.

திருச்சியிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருக்கிறார். பெண்ணுக்கு 26 வயது. சென்னையில் உத்தியோகம். மூன்று வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாலு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறாள். "நாலு வளையலாகப் பண்ணிப் போட்டுக்கொள்ளடி" என்கிறார் தாயார். பெண்ணோ உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்றின் படத்தைக் காட்டி, "எனக்கு இதுதான் வேண்டும்" என்கிறாளாம். தகப்பனார் வழக்கம்போல் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டுவிட்டார். "இந்த வண்டி வேண்டாம் என்று நாலு வரி காரமாக எழுதுங்கள். நீங்கள் எழுதினால் அவள் கேட்பாள்" என்று கடிதம் முடிகிறது.

காரமாக எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு கட்சி வக்கீலாக வாதாடுவது இந்தப் பகுதியின் வழக்கம் அல்லவே! கடையில் விசாரித்து, ஓட்டுகிறவர்களிடம் கேட்டு, நல்லதையும் பொல்லாததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்.

பெண் ஆசைப்படுவது சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல. தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும் என்று சொல்லி விற்கிற ரகம். 'டூயல் ஸ்போர்ட்' என்றும் 'அட்வெஞ்சர்' என்றும் இளைஞர்கள் சொல்கிறார்கள். முன் சக்கரம் பெரிது, பின் சக்கரம் சிறிது. எஞ்சின் தரையில் படாமல் எம்பி நிற்கும். முன் மட்கார்டு சிலவற்றில் கொக்கின் அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஒட்டகந்தான் ஞாபகம் வந்தது. அப்படிச் சொன்னதற்கு என் தம்பி பிள்ளை கோபித்துக்கொண்டான். இதில் கோபிக்க என்ன இருக்கிறது? குதிரை திணறுகிற இடத்தில் ஒட்டகந்தானே போகிறது!

இந்த ஜாதியின் பூர்வீகம் அப்படியொன்றும் பழமையானதல்ல. 1968-ல் ஜப்பானிய யமஹா கம்பெனி டி.டி.-1 என்ற 250 சி.சி. வண்டியை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. வாரம் முழுவதும் ஆபீசுக்குப் போகவும், ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் சுற்றவும் ஒரே வண்டி என்ற யோசனை அமெரிக்கர்களுக்குப் பிடித்துப் போயிற்று. 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து டக்கார் நகருக்கு ஒரு பந்தயம் புறப்பட்டது. அதில் ஜெயித்ததும் யமஹாவின் 500 சி.சி. வண்டி ஒன்றுதான். 1980-ல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ கம்பெனி தன்னுடைய 'ஜி.எஸ்.' வண்டியைக் கொண்டு வந்தது. 'ஜி' என்றால் காடு மேடு, 'எஸ்' என்றால் சாலை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1955-ல் சென்னை மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்து என்பீல்டு கம்பெனியும் கூட்டாகச் சேர்ந்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பிற்று. அதன் வழி வந்த ராயல் என்பீல்டு 2016-ல் 'ஹிமாலயன்' என்ற 411 சி.சி. வண்டியை வெளியிட்டது. 2023 நவம்பரில் அதன் இடத்துக்கு 452 சி.சி. வண்டி வந்தது. திருச்சிப் பெண்ணின் கண்ணில் பட்டிருப்பது இதுதான். பெயர்தான் இமயமலையே தவிர, பிறந்த இடம் நம் சென்னைக்குப் பக்கத்துத் தொழிற்சாலை. ஓசூரிலும் டி.வி.எஸ். தொழிற்சாலையில் பி.எம்.டபிள்யூவின் 310 ஜி.எஸ். தயாராகி 2018-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

சரி, இந்த ஒட்டகத்தால் என்ன லாபம்?

முதல் லாபம், நம் ரோடு. மெட்ரோவுக்கு ஒரு பள்ளம், கேபிளுக்கு ஒரு பள்ளம், மழை வெட்டிய பள்ளம் என்று தெருத் தெருவாகக் கிடக்கிறதே, ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அதில் 'தொபுக்'கென்று இறங்கி, இடுப்பெலும்பு வரை சேதி சொல்லிவிடும். இந்த வண்டியின் முன் சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் பள்ளத்தில் முழுக்க இறங்குவதற்குள் மறுகரையைப் பிடித்துவிடும். அதற்கு மேல் ஸ்பிரிங் 200 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு சாண் அளவுக்கு, அமுங்கி எழும். முதுகு வலிக்காரர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்று ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து, கை விரித்துப் பிடித்து ஓட்டுவதால் தோளும் மணிக்கட்டும் கூட அவ்வளவு நோவதில்லை. எதிரே நிற்கிற மோட்டார் காரின் கூரைக்கு மேலாக ரோட்டைப் பார்க்க முடிகிறது என்பது இன்னொரு சௌகரியம்.

இரண்டாவது, தூரம். 17 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்று சிக்கனமாகக் கணக்குப் போட்டாலும் 470 கிலோமீட்டர் ஆயிற்று. சென்னையில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் நடுவில் எங்கும் நிற்காமல் திருச்சியில் அம்மா கையால் காப்பி குடிக்கலாம். கடிதம் எழுதிய அம்மாள் இதைக் கவனிக்க வேண்டும்! லாரிகளும் பஸ்களும் பறக்கிற அந்த நெடுஞ்சாலையில் சின்ன எஞ்சின் வண்டி மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். 400 சி.சி.க்கு மேற்பட்டது அலட்டிக்கொள்ளாமல் ஓடும். முந்த வேண்டிய சமயத்தில் முந்திவிடும். 'நடுத்தர அளவு' என்று இதைச் சிலாகிக்கிறார்களே, அதன் பொருள் இதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும் இந்த எஞ்சின் பலம் தெரியும்.

இனிமேல்தான் காரம்.

ஸீட்டின் உயரம் 825 மில்லிமீட்டர். அதாவது முப்பத்திரண்டரை அங்குலம். சற்று உயர்த்தலாம். தாழ்வான ஸீட்டைத் தனியே வாங்கினால் 805-க்கு வரும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இது சரிப்படுமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். வீட்டிலேயே பார்த்துவிடலாம். செருப்பில்லாமல் சுவரோரமாக நிற்கச் சொல்லி, தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த புஸ்தகத்தை மேல் நோக்கி இறுக்கி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். பாண்ட் தைப்பவர் எடுக்கும் உள்கால் அளவுதான் இது. ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் 28, 29 அங்குலம் இருக்கும். அப்படியானால் இரண்டு பாதமும் தரையில் பதியாது. ஸ்பிரிங் ஓரளவு அமுங்கிக் கொடுக்கும் என்றாலும் நுனி விரல்தான் படும்.

"அப்படியானால் ஓட்டவே முடியாதா?" என்றால், அப்படியும் இல்லை. பழகினவர்கள் நிற்கும்போது இடுப்பைச் சற்று இடப் பக்கம் நகர்த்தி, இடது காலை மட்டும் பாதம் முழுவதும் ஊன்றி, வலது காலைப் பிரேக்கில் வைத்துக்கொள்கிறார்கள். இது ஒரு வித்தை, பழகினால் வரும். ஆனால் கடையின் சமதரையில் ஊன்றுவது வேறு, வெளியே ஊன்றுவது வேறு. ரோட்டோரம் சரிவாக இருக்கும். இடது காலை நீட்டினால் அங்கே தரைக்குப் பதில் சாக்கடையோரத்துப் பள்ளம் இருக்கும். ஓடும்போது சாய்கிற வண்டியைவிட, நிற்கும்போது சாய்கிற வண்டிதான் இந்த ரகத்தில் அதிகம்.

சாய்ந்தால்? வண்டியின் எடை 196 கிலோ. இந்தக் கிலோக் கணக்கு மனத்தில் நிற்காது. நம் கணக்கில் சொல்கிறேன். காஸ் நிரம்பிய சமையல் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. ஆறரை சிலிண்டரை ஒன்றாகக் கட்டிப் படுக்க வைத்தாற்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் இதில் ஏறக்குறையப் பாதிதான்.

ஆனாலும் ஒரு பெண் தனியாக இதைத் தூக்க முடியும். எப்படி என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓட்டாதவர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். கியர் போட்ட நிலையில் இருக்கட்டும், அப்போதுதான் வண்டி உருளாது. வலப் பக்கமாக விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைத் தள்ளி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் விழுந்து வைக்கும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஸீட்டின் ஓரத்தில் பின்புறத்தை அழுத்தி, ஒரு கையால் ஹாண்டில் பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல், கால் பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பால் குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, அதே சூட்சுமந்தான். வாங்குவதற்கு முன் தெரிந்தவர் வண்டியைப் புல் தரையில் படுக்க வைத்து ஒரு தடவை தூக்கிப் பார்ப்பது உத்தமம். தூக்க முடியாவிட்டால், தனியாகக் காட்டுப் பாதைக்குப் போகிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பணம். 452 சி.சி. ஹிமாலயன் 2023-ல் வந்தபோது ஆரம்ப விலை 2 லட்சத்து 69 ஆயிரம். அப்புறம் 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. வரி மாறிற்று. 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு 28 சதவிகிதம் 18 ஆகக் குறைந்தது. 350-க்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவிகிதமாக ஏறிற்று. ஆகவே நம் ஒட்டகம் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 12 சதவிகிதம். மூன்று லட்சத்துக்கு 36 ஆயிரம் ஆயிற்று. புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி 350 சி.சி.க்கு மேற்பட்டதற்கு 15,117 ரூபாய். 150-லிருந்து 350 வரை உள்ளதற்கு 7,365 ரூபாய். இந்த 350 என்கிற கோடு எத்தனை வீட்டுப் பட்ஜெட்டில் குறுக்கே நிற்கிறது பாருங்கள்!

இத்தோடு விடுமா? எஞ்சின் அடிபடாமல் இருக்கக் கம்பி, சாமான் வைக்கப் பெட்டி, பெட்டியை மாட்டச் சட்டம் என்று கடைக்காரர் நீட்டிக்கொண்டே போவார். கல்யாணச் சமையல்காரர் சாமான் ஜாபிதா எழுதுகிற மாதிரிதான். இவற்றில் பாதிக்குமேல் முதல் வருஷத்தில் வேண்டியதே இல்லை என்பது என் அபிப்பிராயம். சங்கிலியைச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போடும் வேலையும் உண்டு. அந்த வேலையை எந்தத் துணியால் செய்வது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நல்ல டவல் ஒன்று போயிற்று.

பஞ்சர் சங்கதி வேறு. கம்பிச் சக்கரத்துக்குள் டியூப் இருந்தால், ஆணி குத்தியதும் சக்கரத்தையே கழற்றியாக வேண்டும். இருட்டுகிற நேரத்தில் விராலிமலைக்கு முன்னால் அது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். டியூப் இல்லாத கம்பிச் சக்கரமும் பின்னால் வந்திருக்கிறது. சற்றுக் கூட விலையானாலும் தனியாகப் போகிற பெண்ணுக்கு அதைத்தான் வாங்க வேண்டும். பெட்டிக்குக் கொடுக்கிற பணத்தை இதில் போடலாம்.

சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூடு தொடைக்கு வரும். காட்டுப் பாதைக்கென்று கட்டி கட்டியாக இருக்கிற டயர் நனைந்த தார் ரோட்டில் வழுக்கும். பட்டணத்தில் ஓட்டுகிறவர்கள் அதை மாட்டக் கூடாது. பின் சக்கரத்தின் ஏ.பி.எஸ். பிரேக்கை மண் பாதைக்காக நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு வசதி உண்டு. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி போட்டுக்கொள்ள மறந்தால் ஆபத்து.

"உயரமான வண்டிதானே, மழை வெள்ளத்தில் போகலாமே" என்று ஓர் எண்ணம் பலருக்கு இருக்கிறது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு இந்த ஆசை எழுவது இயற்கை. கணுக்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைவிட இது தைரியமாகப் போகும் என்பது வாஸ்தவம். ஆனால் திறந்து கிடக்கிற சாக்கடைக் குழி உயரமான வண்டிக்கு மட்டும் தெரியுமா? நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் எஞ்சின் உடைந்தே போகும். தள்ளிக்கொண்டு வருவதுதான் வழி.

பின்னால் உட்காருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு சமயபுரம் போகலாம் என்று பெண் ஆசை காட்டியிருப்பாள். புடைவை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருவதற்கு இந்த வண்டி ஏற்றதல்ல. ஸீட் உயரம், வண்டி குலுங்கினால் பிடிமானம் போதாது. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரக்கூடிய உடைதான் சரி. ஓட்டுகிறவள் வண்டியை நிமிர்த்திப் பிடித்து "ஏறு" என்று சொன்ன பிறகு, அவள் தோளைப் பிடித்து, இடது மிதியில் கால் வைத்து ஏற வேண்டும். சொல்லாமல் ஏறினால் இருவரும் தரையில். பின் சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்கப் பாதியாவது மறைக்கிற தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பெட்டி மாட்டுகிற ஜோரில் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லோருக்கும் மனத்தில் இருக்கிற பயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2022-ல் இந்திய ரோடுகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இந்தக் கணக்கில் ஸ்கூட்டரும் உண்டு, மொபெட்டும் உண்டு. ஆகவே "ஒட்டகம் வேண்டாம், ஸ்கூட்டர் வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஹெல்மெட்டும், எலும்புக்குக் காப்பு வைத்துத் தைத்த சட்டையும், கணுக்காலை மூடுகிற பூட்ஸும் வாங்கப் பணம் ஒதுக்காமல் எந்த வண்டியும் வாங்கக் கூடாது. பின்னால் உட்காருகிறவருக்கும் ஒரு ஹெல்மெட். வண்டி விலை போக மீதியில் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மீதி இருக்காது. இவற்றை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் என்ன வண்டி கிடைக்கிறது என்று பார்ப்பதே சரி.

அப்படிப் பார்க்கும்போதுதான் சின்ன வண்டியின் ஞாபகம் வருகிறது. ஹீரோ கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200 இதே ஜாதி, 2019-ல் வந்தது. எடை 160 கிலோவுக்குள். விலை ஏறக்குறைய ஒட்டகத்தில் பாதி. வரியும் 18 சதவிகிதந்தான். ஒரு விசேஷம் என்னவென்றால், எஞ்சின் சிறியதானாலும் ஸீட் 823 மில்லிமீட்டர் உயரம்! ஆகவே கால் எட்டாத தொல்லை இதிலும் தீராது. ஆனால் சாய்கிறபோது தாங்கிப் பிடிக்க ஒரு சிலிண்டருக்கு மேல் எடை குறைவு. நெடுஞ்சாலையில் பெரியதன் நிதானம் இதற்கு வராது. கொல்லைப்புறத்துக் கல் பாதையில் இதுதான் சுளுவு. சின்ன எஞ்சினை ஏளனமாக நினைக்க வேண்டாம். 1973-ல் ஆன்-பிரான்ஸ் தோத்வீல் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றிவந்தது ஒரு 125 சி.சி. கவாஸாகியில்!

திருச்சி அம்மாளுக்கு என் பதில் இதுதான். வளையலோடு இதை ஒப்பிட்டுப் பேசினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்; வளையல் விலை ஏறும், வண்டி விலை கடையை விட்டு வெளியே வந்த அன்றே இறங்கும். ஆனால் அவள் கேட்பது முதலீடு அல்ல. வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓட்டப் போகிறாள் என்றால் 196 கிலோ வெறும் பாரம், ஸ்கூட்டரே போதும். மாதத்துக்கு ஒரு தடவையாவது மலையென்றும் ஊரென்றும் கிளம்பப் போகிறாள் என்றால் அந்தப் பணம் வீணில்லை. இதில் எது என்று அவளுக்கே இன்னும் தெரியாமலிருக்கலாம்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் போட்ட வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்குக் கிடைப்பவை. இந்த ஹிமாலயனும் பல ஊர்களில் அப்படிக் கிடைக்கிறது. இரண்டு நாளைக்கு எடுத்து ஏற்காட்டுக்கு ஏறி இறங்கிவிட்டு வரட்டும். முதல் நாள் சந்தோஷத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாம் நாள் சாயங்காலம், உடம்பெல்லாம் புழுதியாக, வாடகைக் கடை வாசலில் சரிவில் வண்டியை நிறுத்திய பிறகு கேளுங்கள். முடிந்தால் அம்மாவும் பின்னால் ஏறி ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாம். சல்வார் போட்டுக்கொண்டு போங்கள், அம்மணி. அந்த இரண்டு நாளைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் போட்டால் சந்தோஷப்படுவேன்.

அடுத்த வாரம்: புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி?